லிம்முக்கு லிம் ஆகாது

என் முகத்தைப் பார்த்தால் சீனத்தி. வாயைத் திறந்தால் எஸ்டேட் தமிழச்சி, அதுவும் சண்டைக்காரி. மலாய் நாட்டுக்குள் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, நான் பிறந்த பதினோராம் நாள், தேயிலை மலைக்குக் கீழே கீரைத் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனப் பெண் என்னைத் துணியில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். புருஷன் செத்துப்போன வீட்டில் நான் நாலாவது பெண். அம்மாவுக்கோ கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அப்போது இப்படிக் கைமாறிய சீனப் பிள்ளைகள் பல தோட்டங்களில் இருந்தார்கள், யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. எனக்கு மொட்டையடித்துக் காது குத்தி, அப்பாவின் பெயரையே தகப்பன் பெயராகப் பதிந்தார்கள். அதற்கு மேல் ஒரு பெயர் வேண்டுமென்று பத்தொன்பது வயது வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தவர் கோலா தெர்லாவிலிருந்து லோரியில் காய்கறி ஏற்றி வரும் ஒரு சீன வாலிபர். எங்கள் தோட்டத்துக் கடைக்கு வாரம் மூன்று நாள் வருவார். ஒருநாள் மூட்டையின் அடியில் அழுகின கோஸ் இருந்தது.

"யாரு தலையில கட்டப் பாக்குற? நாங்க கொழுந்து கிள்ளுறவங்கதான், கண்ணு தெரியாதவங்க இல்ல!" என்று பிடித்துக்கொண்டேன். சீன முகத்திலிருந்து இவ்வளவு தமிழ் கொட்டுவதைப் பார்த்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை. எங்களுக்குப் பொதுவான மொழி கடைத்தெரு மலாய். திட்டும்போது மட்டும் நான் தமிழுக்கு வந்துவிடுவேன், அதனாலேயே அவரும் பாதித் தமிழ் கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தாயை லோரியின் முன்சீட்டில் உட்கார்த்தி எங்கள் லைன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பொண்ணோட குடும்பப் பேரு என்ன?"

அப்பா தன் பெயரைச் சொன்னார். அது இல்லை, பிறந்த வீட்டின் பெயர் வேண்டும் என்றார் அந்த அம்மாள். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

அவர்கள் லிம் வீட்டார். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் சீனாவில் ஒரு கொடுங்கோல் ராஜா இருந்தானாம். அவனுக்குச் சித்தப்பன் முறையான மந்திரி ஒருவர், செய்வது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஞானியின் இருதயத்தில் ஏழு ஓட்டை இருக்குமாமே, பார்த்துவிடலாம் என்று ராஜா அவர் நெஞ்சைப் பிளந்தான். மந்திரியின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. காட்டுக்குள் ஓடி, ஒரு கல்குகையில் ஆண் பிள்ளை பெற்றாள். பழைய ராஜா ஒழிந்து புது ராஜா வந்ததும், காட்டில் பிறந்த பிள்ளைக்குக் காடு என்றே பெயர் சூட்டினான். லிம் என்றால் காடு. அந்த அம்மாள் தேத்தண்ணியில் விரலை நனைத்து, பலகையில் இரண்டு மரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, இதுதான் அந்த எழுத்து என்று காட்டினார். காடு என்ற வார்த்தையை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள் ஒளிந்திருந்த அவசரகாலம் அல்லவா, காட்டைப் பற்றிச் சீனர் பேசினாலே பட்டாளத்துக்காரன் காதைத் தீட்டிக்கொள்வான்.

"எங்க இருக்குற லிம்மும் அந்தப் புள்ளையோட வாரிசு. எல்லாரும் அண்ணன் தங்கச்சி. லிம்முக்கு லிம் ஆகாது. வேற பேரா இருந்தா நாளைக்கே கல்யாணம்" என்றார்.

அப்பாவுக்கு இது சட்டென்று புரிந்தது. "நம்ம பங்காளிங்க மாதிரிதான்" என்றார். அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு கொடுத்துவிடுவாள் என்று சர்க்காரில் என்னைப் பெற்றவளைக் கீரைத் தோட்டத்திலிருந்து கிளப்பி, ரிங்லெட்டில் முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமத்துக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பெயர் தெரிய வேண்டுமானால் அவளிடம்தான் போக வேண்டும். "தேடிப் போனா அவ புடிச்சி வச்சிக்குவா. பெத்தவ பெத்தவதான்" என்று அம்மா அன்று சோறு தின்னவில்லை.

என்னை அனுப்ப மாட்டேன் என்றதால் அப்பா மட்டும் துரையிடம் லீவு கேட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி, சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார்.

"கேட்டேம்மா. பேரு லிம்மாம்."

அவ்வளவுதான். கோலா தெர்லாவுக்குச் செய்தி போயிற்று. அவருடைய தாய் இரண்டு கையையும் விரித்துவிட்டாராம். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என்றைக்கோ ஒரு ராஜா செய்த அநியாயத்துக்கு நான் ஏன் கன்னியாக நிற்க வேண்டும்? அதன் பிறகு லோரி வராத பத்து நாளும் கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன்.

பதினோராம் நாள் அவருடைய லோரி வந்தது. என்னைப் பார்க்காமல் மூட்டை இறக்கினார். நான் விடவில்லை.

"உங்கம்மா மட்டும் லிம்மைக் கட்டிக்கலாம், நான் கட்டிக்கக் கூடாதா?"

"எங்கம்மா லிம் இல்லையே. அவங்க சான்."

"அது கல்யாணத்துக்கு முன்னால. இப்ப லிம்தானே?"

"இப்பவும் சான்தான். சாவுற வரைக்கும் சான்தான். பொம்பளைக்கு அப்பா வீட்டுப் பேரு எங்கயும் போகாது. புள்ளைங்களுக்குத்தான் புருஷன் பேரு."

எங்களில் வாழ்க்கைப்பட்டவள் புருஷன் வீட்டுக்காரி ஆகிவிடுவாள். அப்பா அந்த நினைப்பில் பெற்றவளின் பெயரைக் கேட்டிருக்கிறார், அவளும் தன் அப்பா வீட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வர வேண்டியது அவள் புருஷனின் பெயர். கோஸ் மூட்டையைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நின்றோம்.

இந்த முறை நானும் அப்பாவோடு ரிங்லெட் போனேன். வேலி வாசலில் போலீஸ்காரன் என் முகத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். சேலை கட்டிய சீனத்தி, தகப்பன் பெயர் தமிழ். "என் மகதாங்க" என்றார் அப்பா, ஒரு தரத்துக்கு மூன்று தரம். உள்ளே என்னைப் பெற்றவள் பன்றிக்கு மரவள்ளி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தி கீழே விழுந்தது. என் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள், தொட்டதற்கே பயந்து கையை இழுத்துக்கொண்டாள். கடைசியில், "என்னோட அப்பா பேரு என்ன?" என்று மலாயில் கேட்டேன்.

"வோங்" என்றாள். என்னைப் பார்த்தும் அழாதவள் அந்தப் பெயரைச் சொல்லும்போது அழுதாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா துள்ளிக் குதித்தார். அம்மா குதிக்கவில்லை. முறத்தில் அரிசி புடைத்தபடியே வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"பெத்தவ லிம் வீட்டுல பொறந்தவ. மாப்பிள்ளையோட அப்பாவும் லிம். லிம் எல்லாம் அண்ணன் தங்கச்சின்னு அந்தம்மாவே சொன்னாங்க. அப்ப மாப்பிள்ளைக்கு இவளைப் பெத்தவ யாரு?"

"யாரு?" என்றார் அப்பா.

"அத்தைலா! அத்தை மவளைக் கட்டிக்கிறான். இதை விடப் பொருத்தமான மொறை ஏது?"

பத்து நாளாகத் தூங்காத என் அம்மாவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. சீனர்களுக்கு இடைஞ்சலாக வந்த அதே பெயர் எங்களுக்கு உரிமையாக மாறியதில்தான் அவளுக்கு மகிழ்ச்சி என்று நினைத்தேன். அம்மாவை நான் அவ்வளவுதான் புரிந்து வைத்திருந்தேன்.

வோங் என்றதும் அவருடைய தாய் சம்மதித்துவிட்டார், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவர் எனக்குத் தாலி கட்டினார். என்னைப் பெற்றவளும் வேலிக்கு வெளியே வர அனுமதிச் சீட்டு வாங்கி, புதுச் சட்டை போட்டு வந்திருந்தாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் பெண் வீட்டார் பக்கம் மெல்ல வந்தாள். அம்மா விடுவிடுவென்று போய் அவள் கையை மரியாதையாகப் பிடித்து, மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நீங்க மாப்பிள்ளைக்கு அத்தை. உங்க எடம் இதுதான்" என்றாள். பிறகு திரும்பி வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, என்னை உரசியபடி தாயின் இடத்தில் தனியாக நின்றாள்.