வால்வில் தொடங்காத வட்டம்

ஒரு பிக்கப் வண்டியின் வலது முன்சக்கரத்தில் சாக்பீஸால் போட்டிருந்த வெள்ளை வட்டம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அது டயரில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று இப்போதும் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். காற்றடிக்கும் வால்விலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கியிருந்தது. சுற்றி வந்து முடிகிற இடத்தில் இரண்டு முனைகளும் ஒட்டாமல் ஒன்றையொன்று தாண்டி நின்றன. நான் போடும் வட்டம் வால்வில் தொடங்கி வால்விலேயே முடியும். இது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. என் பெயரில் அந்த வட்டத்தைப் போட்ட அத்தானுக்குக்கூடத் தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். மான்குர்த்தில் சாலையோரமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். அதில் முன்சக்கர வேலை முழுக்க என் பொறுப்பு. நான் தாராவியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. அத்தானுக்கோ பேச்சுதான் மூலதனம். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் சிரிக்க வைத்து, மராத்தியில் முடித்து அனுப்புவார். எங்களிடம் எழுத்து வேலை கிடையாது. வண்டி உள்ளே வந்ததும் வலது முன்சக்கரத்தில், வால்வுக்குப் பக்கத்தில், வேலை பாக்கி என்பதற்குப் பெருக்கல் குறி போடுவேன். வேலை முடிந்து, வண்டிக்காரரை உட்காரவைத்து, அவர் வழக்கமாக ஏற்றும் சுமையையும் ஏற்றி ஓட்டிப் பார்த்து, மறுபடியும் அளந்த பிறகுதான் அந்தக் குறியை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து எடுத்துவிட்டு வட்டம் போடுவேன். தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் அப்போதைக்குப் போனது போலிருக்கும். காய்ந்ததும் மங்கலாகத் திரும்பி வரும். “ஊமையன் வட்டம் போட்டுட்டானா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டிக்காரர்கள் சாவியை வாங்குவார்கள். “போட்டுட்டாம்லா, பெறகென்ன, கண்ண மூடிட்டு ஓட்டு” என்பார் அத்தான். ஊமையன் என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வட்டத்தைக் கேட்டு வாங்கிப் போனார்களே, அது பிடித்திருந்தது. நான் உலகத்தோடு பேசிய ஒரே பேச்சு அதுதான்.

அந்த பிக்கப் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பந்தல்காரர் ஒருவருடையது. அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது அடிப்பகுதி இடிக்கிறது என்று, உல்லாஸ்நகரில் யாரிடமோ கொடுத்து முன்பக்கத்தை மூன்று விரல் உயரம் தூக்கி வைத்திருந்தார். பழைய வண்டி. அதில் முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் என்னும் நீளமான கம்பி இருக்கும். போல்ட்டை இறுக்கினால் கம்பி முறுக்கேறி வண்டி எழும்பும். எழுப்புவது சுலபம். எழும்பிய பிறகு சக்கரம் எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை. இரண்டு சக்கரமும் மேல்பக்கம் வெளியே சாய்ந்து, டயர்களின் வெளி ஓரம் மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தானாக நேருக்கு வராது. நேரான சாலையிலும் வண்டி குடித்தவன் மாதிரி அலைந்தது.

எங்கள் பட்டறையில் சமமட்டமான தரை கிடையாது. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபை இரவல் வாங்கி, நான்கு சக்கரங்களுக்கும் நான்கு கடப்பாக்கல் பதித்து வைத்திருந்தேன். சக்கரத்தின் சாய்வைப் பார்க்கத் தூக்குக்குண்டு. சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா என்று அறிய வண்டியின் இரு பக்கமும் இழுத்துக் கட்டிய நூல். இவ்வளவுதான் என் கருவிகள். டார்ஷன் பாரைத் தளர்த்தி மூன்று விரல் உயரத்தை ஒன்றரை விரலாக்கினேன். சக்கரத்தை மேலே பிடித்து நிற்கும் மேல் ஆர்மின் போல்ட்டுகளில் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்துச் சாய்வை எடுத்தேன். சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடைத் திருகி நூலோடு சேர்த்தேன். இரண்டு நாள் வேலை. சக்கரங்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன. ஆனால் வலது பக்கம் மேல் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்ட், வண்டியைத் தூக்கி வைத்த காலமெல்லாம் கோணலாக இழுபட்டுத் தேய்ந்திருந்தது. கடப்பாரையால் நெம்பினால் கண்ணுக்குத் தெரிய ஆடியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தானிடம் சொன்னேன். “அத்தான், இந்தப் பால் ஜாயிண்ட மாத்தணும். மாத்திட்டு, பந்தக்கம்ப ஏத்தி இன்னொருக்கா அளக்கணும்.”

“நாளைக்கு கோபர்கைரனேல அவருக்கு கல்யாணப் பந்தல் மாப்ள. இத்தன நாளா ஆடுனது இன்னும் ஒரு நாள் ஆடாதா?”

“வேண்டாம் அத்தான். கழண்டுரும்.”

“சரி, நீ காலைல போயி சாமான வாங்கிட்டு வா. அவர்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

சனிக்கிழமை குர்லா போய்ப் புது பால் ஜாயிண்டோடு திரும்பியபோது பன்னிரண்டு மணி இருக்கும். வண்டி நின்ற இடத்தில் நான்கு கடப்பாக்கல் மட்டும் கிடந்தன.

“குறி இருந்துச்சே அத்தான்.”

“வட்டம் இல்லாம எடுக்க மாட்டேன்னு நிக்காரு அந்த மனுசன். போட்டு அனுப்புனேன். திங்கக்கிழம வந்துரும். சாக்பீஸ்தான மாப்ள, உன் கைரேகையா?”

பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. அண்ணாச்சியின் மொபைல் எண் எங்கள் பட்டறைச் சுவரில் எழுதியிருந்தது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் டயல் செய்தேன். மணி அடித்தது. “யாரு? சத்தமாப் பேசுங்க, கம்பு ஏத்திட்டிருக்கோம்” என்றார் அண்ணாச்சி. பின்னால் கம்புகள் விழும் ஓசை கேட்டது. அத்தானைப் பொய்யராக்காமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். “யாருய்யா?” என்றார் மறுபடி. யோசித்துக்கொண்டே ரிசீவரை வைத்துவிட்டேன்.

கோபர்கைரனே போகும் வழியில், பாலத்தில் இருந்து இறங்குகிற இடத்தில், வலது சக்கரம் மடிந்து வண்டி சுவரில் மோதியது. பின்னால் இருந்த கம்புகள் மொத்தமும் முன்னால் வந்தன. அண்ணாச்சியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள், வண்டியை இழுத்துவந்து போட்டிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மடிந்து கிடந்த சக்கரத்தில் வட்டம் அழியாமல் இருந்தது. வால்வுக்குப் பக்கத்தில், நன்றாகக் குனிந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, அத்தான் ஈரத்துணியால் துடைத்த என் பெருக்கல் குறியும் இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணாச்சியின் தம்பிகள் இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். சாலையில் போகிறவர்களும் நின்றார்கள். “யாருல வட்டம் போட்டது?” என்றான் மூத்தவன். அத்தான் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “என் மச்சினந்தான். படிக்காத பய, தெரியாமப் போட்டுட்டான். அவனுக்கு நான் பொறுப்பு.” பழியை என் மேல் வைத்ததும் பொறுப்பைத் தன் மேல் எடுத்ததும் ஒரே மூச்சில் நடந்தன. கேட்டவர்களுக்கு அவர் மேல் மரியாதைதான் கூடியது. இளையவன் என்னை அறைந்தான். பிறகு எல்லோரும் நான் வாய் திறக்கக் காத்திருந்தார்கள். காத்திருக்கத்தான் செய்தார்கள், அதை மறுக்க முடியாது. “சக்கரத்தப் போயிப் பாருங்க” என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. அக்காவின் வாழ்க்கைக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று அக்காவின் நினைப்பே எனக்கு வரவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். ரிசீவரை வைத்தபோதும் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் கையில் யாரும் முன்சக்கரத்தை நம்பிக் கொடுக்கவில்லை. இப்போது செம்பூரில் ஒரு பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிறேன். நாள் முழுக்க வால்வுகளின் முன்னால் குனிந்துதான் பிழைப்பு. அண்ணாச்சியை ஒரே ஒரு முறை ரயில்வே ஸ்டேஷன் படியில், கட்டைக்காலோடு ஏறும்போது பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அத்தானின் பட்டறை ஒரு நாள்கூட மூடிக் கிடக்கவில்லை. வட்டத்தை அவரே போட்டார். “இனிமே நானே பாத்துத்தான் அனுப்புதேன்” என்று அவர் சொன்னதை ஜனங்கள் நம்பினார்கள்.

போன மாதம் அக்காள் மகன் கோபர்கைரனேயில் கம்ப்யூட்டர் வைத்த அலைன்மென்ட் கடை திறந்தான். தாய்மாமன் வந்து நிற்காமல் எந்தக் காரியமும் எங்களில் நடக்காது. எனவே போனேன். பெயர்ப்பலகையில் பெரிதாக ஒரு வெள்ளை வட்டம். “அப்பாவோட மார்க் மாமா, மான்குர்த்ல எல்லாருக்கும் தெரியும்லா” என்றான் மருமகன், பெருமையாக. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. பூஜை முடிந்ததும் மாலை போட்டு நின்ற முதல் வண்டியின் முன்னால் என்னை நிறுத்தி, ஒரு புது சாக்பீஸைக் கொடுத்தான். “மொத வட்டம் மாமாதான் போடணும்.”

குனிந்தேன். முழங்கால் வலித்தது. வால்வுக்குப் பக்கத்தில் சாக்பீஸை வைத்தேன். கை தானாகப் பெருக்கல் குறி போட்டது என்று சொன்னால் அது பொய். போட வேண்டும் என்றுதான் போட்டேன்.

அக்கா என்னையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள். “மாப்ளைக்குக் கண்ணு மங்கிட்டு” என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பூஜைச் செம்பிலிருந்த தண்ணீரில் நனைத்து, மெதுவாகக் குனிந்து குறியைத் துடைத்தார். சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கினார். வட்டம் வால்விலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் தொடங்கியது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. டயரின் ஈரம் காய்கிற வரைக்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். காய்ந்தது. வால்வுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.