எல்லாச் சமன்பாட்டிலும் ஒரு ப்ளஸ் ஒன்

பொருளாதாரம் படித்தவர்கள் நாட்டின் விலை, கூலி, இறக்குமதி எல்லாவற்றையும் மாடல் என்ற பெயரில் சமன்பாடுகளாக எழுதி ஒரு ஃபைலில் வைப்பார்கள். அதைக் கம்ப்யூட்டர் அப்படியே விழுங்காது. முதலில் ஒரு நிரல் அதைப் படித்து, பிழை பார்த்து, கணக்குப் போடும் மென்பொருளுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பிரீப்ராசசர். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அதைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. சம்பளம் கொடுப்பவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் அனுப்பும் புகார்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

எனக்கு முன்னால் அந்த நிரலை எழுதிய புண்ணியவான்கள் எத்தனை பேரோ. ஒரே வேலைக்கு மூன்று குட்டி நிரல், மூன்றும் மூன்று விதமாகத் தப்பு. ஒன்றைத் தொட்டால் சம்பந்தமே இல்லாத இடத்தில் இன்னொன்று உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சீராக்க உட்கார்ந்தபோதுதான் அந்தப் பிழை கண்ணில் பட்டது.

இந்த வருடம் தறிக்கு ஏறும் நூல், போன வருடம் வாங்கி வைத்த இருப்பு. அப்படிப்பட்டவற்றை ஃபைலின் தலைப்பில் சொல்லிவிட்டால் போதும், எங்கள் நிரலே ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். ஆனால் சமன்பாட்டை ஒரு லூப்புக்குள், அதாவது ஒரே மாதிரி வரிகளைத் திருப்பித் திருப்பி எழுதவைக்கும் கட்டளைக்குள், எழுதியிருந்தால், இரண்டு தடவை தள்ளியது. எத்தனையோ வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு புகார்கூட இல்லை. நான் சரிசெய்தேன், புது வெர்ஷன் வெளியானது. அதற்கப்புறம் வந்தது பாருங்கள், புகார்!

பிழை இருப்பது பாதிப் பேருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எங்களிடம் மூச்சு விடாமல், அவரவர் சமன்பாட்டில் ஒரு ப்ளஸ் ஒன் போட்டு, வருடத்தை முன்னால் இழுத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார்கள். பிழை போனதும் அந்த ப்ளஸ் ஒன் அவர்கள் விடையைக் கெடுத்தது. எங்கள் மாடலை உடைத்துவிட்டீர்கள் என்று எனக்கே அர்ச்சனை. உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை என் தங்கை சென்னையிலிருந்து வந்தாள். அங்கே பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவளும் இதே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறாள். தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்ததால் ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவள் நேராக மாடிக்கு ஏறினாள். திங்கட்கிழமை அவள் கைடிடம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பட்டு நூலின் இறக்குமதி வரியைக் குறைத்தால் நெசவுக் கூலி ஏறும் என்பது அவளுடைய முடிவு. ஆய்வேடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்கிற? போன வாரம் வரைக்கும் நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. புது வெர்ஷன் போட்டேன், எல்லாம் கண்டபடி வருது."

"உன் ஃபைல்ல ப்ளஸ் ஒன் போட்டிருக்கியா?"

"ஆமா. சீனியர் குடுத்த ஃபைலு. எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாருமே போடுவாங்க."

"எதுக்குன்னு கேட்டியாடி?"

"போடலன்னா தப்பா வரும்னாங்க. போட்டேன்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. எல்லா ப்ளஸ் ஒன்னையும் எடுத்துவிடு, பழைய விடையே வந்துவிடும், அஞ்சு நிமிஷ வேலை என்றேன். எடுத்தாள். ஓட்டினோம். கூலி ஏறவில்லை, இறங்கியது.

என் திருத்தமே தப்போ என்று சந்தேகம் வந்தது. அவள் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட வந்த அம்மாவின் மேல் இரண்டு பேரும் சேர்ந்து எரிந்து விழுந்தோம். பழைய வெர்ஷனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சமன்பாடு சமன்பாடாக ஒப்பிட்டோம். சாயங்காலம்தான் விளங்கியது. பழைய பிழை இருந்தது லூப்புக்குள் எழுதியவற்றில் மட்டும். இவளோ நூல் இருப்பு வந்த இடத்திலெல்லாம் ப்ளஸ் ஒன் போட்டிருந்தாள், லூப்புக்கு வெளியே ஒழுங்காக இருந்த கூலிச் சமன்பாட்டிலும். ஆக, அவள் விடை ஆரம்பத்திலிருந்தே தப்பு.

சொன்னேன். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"பழைய வெர்ஷன் உங்கிட்ட இருக்குது இல்ல?"

"இருக்குது."

"அதுல ப்ளஸ் ஒன்னோட ஓட்டுனா கூலி ஏறுதுன்னுதான் வரும்?"

"வரும். யாரும் கேக்கவும் மாட்டாங்க."

அவள் போனை எடுத்தாள். முடிவு தவறு, திங்கட்கிழமை தர முடியாது, ஆய்வேட்டைத் திருப்பி எழுத வேண்டும் என்று கைடுக்கு மெசேஜ் அடித்தாள். என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டு, போனைக் கட்டில்மேல் விட்டெறிந்தாள்.

"நீ மட்டும் அந்தப் புரோகிராமைத் தொடாம இருந்திருந்தா, நான் நிம்மதியா டாக்டர் ஆயிருப்பேன்க்கா."

காலையிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.