பெரியப்பா தூக்கிச் சென்ற நாற்காலி

சென்ற மாதம் ஒரு காலையில், திருவள்ளூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. தலைமை எழுத்தர் என் மேசைக்கு வந்து, "உங்க பெரியப்பா தவறிட்டாராம்மா. உங்க அண்ணன் ஃபேக்டரியிலேர்ந்து பேசினாரு," என்றார்.

பெரியப்பா முனுசாமி அவர்களுக்கு எழுபது வயதிருக்கும். பிறந்த வருடம் அவருக்கே தெரியாது. காரியத்தன்று என்னைப் பேசச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். ஆனால் கூட்டத்தில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பொன்னேரிக்கு வடக்கே. பெரியப்பா சிறு வயது முதல் அங்கே ஒரு நிலக்காரரிடம் கூலி வேலை செய்தார். வரப்பு வெட்டுவார், நாற்றுக்கட்டு சுமப்பார், களத்தில் நெல் அடிப்பார். கூலி வாங்கும்போது மட்டும் அந்த வீட்டு வாசலில் அசையாமல் நிற்பார். அங்கே எங்கள் ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. எங்கள் வீடுகளிலும் நாற்காலி கிடையாது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது, அவர் மகன் ஏழுமலை அண்ணனுக்கு ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் போனஸில் அண்ணன் ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி வந்தார்.

"உக்காரு நைனா. நீ நின்னது போதும். இனிமே ஒரு துரும்பு எடுக்கக்கூடாது."

பெரியப்பா விளிம்பில்தான் உட்கார்ந்தார். தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக் கோபால், "மாமா இப்போ கலெக்டரு," என்று கேலி செய்தார். பெரியப்பாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஓர் அறுவடை வரைக்கும் இருந்தது. காபி, சாப்பாடு, வெற்றிலை எல்லாம் நாற்காலிக்கே வந்தன. எழுந்தால் யாராவது ஓடிவந்து உட்கார வைத்தார்கள். அதை மரியாதை என்று நினைத்தோம். மெல்ல அவருக்குத் தூக்கம் போயிற்று. பேச்சு குறைந்தது. குளிக்கக் கூப்பிட்டால், "எதுக்கு?" என்பார். பெரியம்மா செய்வினை என்று பயந்து தாயத்துக் கட்டினார். டாக்டர் ஒருவர், உடம்பில் நோயில்லை, நன்றாக ஓய்வு கொடுங்கள் என்றார். அண்ணன் நாற்காலிக்கு ஒரு தலையணை வாங்கினார்.

ஒருநாள் பெரியப்பா என்னிடம், "சாவு எப்போ வரும்னு தெரிஞ்சா தேவல," என்றார். குரலில் வருத்தம் இல்லை. ரயில் நேரம் கேட்பதுபோல் இருந்தது.

நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது அந்த நாற்காலியின் பிரம்பு அறுந்து தொங்கியது. "ஏழுமலை வந்தா பேஜாரு பண்ணுவான்," என்றார் பெரியம்மா. பெரியப்பா எழுந்தார்.

"பொன்னேரிக்கு எடுத்துக்கினு போறேன்."

பல வாரங்களில் அவர் முழுதாகப் பேசியது அதுதான். நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பெரியம்மா என்னைத் துணைக்கு அனுப்பினார். தெருமுனையில் கோபால் நின்றிருந்தார்.

"இன்னா மாமா, கலெக்டரு ஆபீஸ மாத்தினு போறாரா?"

"ஆமாண்டா. உன்ன டிஸ்மிஸ் பண்ணிட்டுத்தான் போறேன்."

பிரம்பு பின்னி முடியப் பிற்பகல் ஆயிற்று. திரும்பும் வழியில் அவருக்குக் கால் தளர்ந்தது. ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிரே நிலக்காரர் வீடு. தெரிந்துதான் செய்தாரா என்று நான் கேட்டதில்லை. நிலக்காரர் வெளியே வந்தார்.

"இன்னாடா முனுசாமி, இங்க?"

"காலு வலிக்குது சாமி. அதான் உக்காந்தேன்."

"நாற்காலி யாருது?"

"என் புள்ள வாங்கிக் குடுத்தது."

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. நிலக்காரர் சற்று நின்றார். பிறகு, "வெயிலு ஜாஸ்தி," என்று சொல்லி உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து பெரியப்பா நாற்காலியோடு கிளம்பிவிடுவார். ஏரிக்கரை, பஸ் நிற்கும் இடம், களத்துமேடு என்று எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டு உட்காருவார். அண்ணனுக்குக் கோபம்.

"ஊரு சிரிக்குது நைனா. சொகமா உக்காரத்தானே வாங்கியாந்தேன்?"

"உக்காந்துக்கினுதாண்டா கீறேன். ஊட்டுக்குள்ளயே உக்காந்தா யாருக்குத் தெரியும்?"

பெரியப்பா மறுபடி யாரும் கூப்பிடாமலே குளித்தார், பசித்துச் சாப்பிட்டார், குழம்பில் உப்பில்லை என்று சண்டை போட்டார். முற்றிலும் சரியாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. அடைமழையில் வெளியே போக முடியாத நாட்களில் பழைய மௌனம் திரும்பும். வானம் வெளுத்ததும் நாற்காலியைத் தேடுவார்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைப்பது வழக்கம். பெரியப்பா தவறிய அன்றும் உறவினர்கள் பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணன் தடுத்தார்.

"வேணாம். நான் அவர உக்கார வெச்சது போதும்."

பாயில் படுக்க வைத்தோம். ஊர்வலம் கிளம்பியபோது அண்ணன் கையில் தீச்சட்டி இருந்தது. கோபால் யாரும் சொல்லாமலே நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள் நாங்கள் தெருமுனையில் நின்றுவிட்டோம். கூட்டத்துக்கு மேலே அந்த நான்கு கால்கள் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தன.

மெதுவாக நடந்து போங்கள், பெரியப்பா. கால் வலித்தால் உட்காரலாம்.