அம்மா படத்துக்கு ஒரு பொட்டு

எங்கள் நைனாவின் ஓராண்டு திதிக்கு வந்து, பூப்போட்டுக் கும்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நைனாவின் பெருமையை ஊரே சொல்லும். என் குறையை நான்தான் சொல்ல வேண்டும்.

சோழவரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் நைனா. பிறர் நிலத்தில் நாற்று சுமந்து வளர்ந்து, பிறகு கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைச்சூட்டில் நின்று, என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். "பக்கத்து ஊட்ல அடுப்பு எரியுதான்னு பாத்துட்டு உன் சட்டிய எறக்கு" என்பார். சொன்னபடியே வாழ்ந்தார்.

அம்மா பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவர். அவருக்கு இருந்தது ஒரே படம். அதில் ஆலை வாசலில் சித்தாள் பெண்களோடு வரிசையாக நிற்பார். வெள்ளிதோறும் குளித்துவிட்டு வந்து, அத்தனை பேரில் அம்மா நெற்றியில் மட்டும் நைனா குங்குமம் வைப்பார். கண்ணாடி உடைந்த பிறகு படத்தின் மேலேயே வைத்தார்.

தொழிலாளர்களின் பழைய படங்களையும் காகிதங்களையும் பாதுகாக்கும் சென்னை ஆவணக் காப்பகத்தினர் கேட்டபோது, கரையானுக்குக் கொடுப்பதைவிட இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நைனாவைக் கேட்கவில்லை. கொடுத்த பிறகு சொன்னேன்.

ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். அங்கிருந்த பெண் உறையைப் பிரித்துக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. பொட்டைக் காணோம்.

"இன்னாம்மா இது? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், அவள மூளியாக்கிட்டீங்களே!"

"கறைன்னு நெனச்சு சுத்தம் பண்ணிட்டோம் ஐயா. இப்பதான் முகம் நல்லாத் தெரியுது."

"அந்த மூஞ்சோட குடித்தனம் பண்ணவன் நானு. எனக்கே காட்டுறியா?" என்று சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். "ஒண்ணே ஒண்ணு வெச்சுட்டுப் போயிடறேன்."

"கை படக்கூடாது ஐயா. மன்னிச்சுக்குங்க."

நைனா என்னைப் பார்த்தார். அவருக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "எயுதிக் குடுத்தாச்சு நைனா, இன்னாத்துக்கு பேஜாரு, வா" என்றேன்.

அவர்கள் தந்த நகலை அவர் தொடவே இல்லை. "அது அவங்க ஊட்டுப் படம்" என்றார். வெள்ளிக்கிழமைகளில் படம் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே, வெறும் சுவரில் பொட்டு வைத்தார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "செவுத்துல வெச்சியாடா?" என்று கேட்டார். "வெச்சேன் நைனா" என்றேன். வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்விழித்த தங்கை மாப்பிள்ளைக்கும், தோள் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும், மழையிலும் வந்து நின்ற தெருக்காரர்களுக்கும், இந்த மலருக்காக நல்ல பிரதி எடுத்துத் தந்த காப்பகத்துப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. இடது பக்கத்திலிருந்து மூன்றாவதாக நிற்பவர் எங்கள் அம்மா. புத்தகம் கறையாகுமே என்று பார்க்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் ஆளுக்கொரு பொட்டு வைத்துவிடுங்கள்.