மேசைமேல் அடையாள அட்டை

சண்டைக்காலத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குக் கம்ப்யூட்டர் திருத்த வந்தவர், சட்டையைக் கழுத்துவரை பூட்டிய மெலிந்த மனிதர். முதலில் பிளக்கைக் கழற்றினார். பிறகு வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தார்.

"அது ஏன் அண்ணை?"

"ஆமி செக்கிங்குக்கு வந்தா பொக்கெட்டுக்குள்ள கை விடக்கூடாது, தங்கச்சி. வயரும் பெட்டியுமா இருக்கிறன். கதவும் பூட்டியிருந்தா என்ன நினைப்பாங்கள்?"

விரலில் தங்கிய மின்சாரம், மாட்டக் கொண்டுவந்த புது மெமரித் தகட்டைக் கெடுக்காதிருக்க, கம்ப்யூட்டர்ப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு அதை எடுத்தார். அப்போது படியில் ஆமிச் சப்பாத்துகளின் சத்தம் கேட்டது. மெமரியை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தெரியும்படி மேசைமேல் விரித்தார். சத்தம் மேல்மாடிக்குப் போனது.

மெமரியைப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். 'டக்' என்று அது பொருந்திய சத்தத்துக்கு இருவருமே துள்ளிவிட்டோம். அவர் மறுபடி இரும்பைத் தொட்டார். இந்த முறை கையை எடுக்கவேயில்லை.