செத்தவள் பேரில் வந்த கடிதம்

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். லுணுகலை தபால் கந்தோரிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இருபத்தாறு வருடம் தபால் பை, எங்கள் வாயில் 'தப்பால்' பை, சுமந்தவன் நான். உறையைப் பார்த்தே உள்ளே இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவேன் என்ற பெருமை வேறு. "மாடசாமி மாமா கண்ணுக்கு ஈ எறும்புகூட தப்பாது" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். அந்தக் கண்ணால்தான் ஏழாம் நம்பர் காம்பரா வீட்டில் குடியிருந்த விஜயலெட்சுமியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஜயா எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுடைய தாய் பெரியாயி செத்தபோது பிள்ளைக்கு எட்டு வயது. எண்பத்திரண்டாம் வருட அடைமழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, அடுப்படியில் நின்றவளை அப்படியே மூடிவிட்டது. மண்ணைத் தோண்டி அவளை வெளியே எடுத்தவர்களில் நானும் ஒருவன். சில வருடத்தில் தகப்பனும் போய்ச் சேர்ந்தான். அந்தப் பிள்ளை தட்டுத்தடுமாறி ஏ.எல். பாஸ் பண்ணி, டீச்சர் வேலை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே தபால் மூலம் சயன்ஸ் டிகிரியும் படித்தது. அந்தக் கடிதங்களை எல்லாம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். விஜயலெட்சுமி என்று பேர் போட்டு ஒழுங்காக வரும்.

தொண்ணூற்றெட்டில்தான் எனக்குப் பொறி தட்டியது. சனிக்கிழமை ஆனால் தோளில் ஒரு நீளக் குழாயை மாட்டிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறுவாள். ஞாயிறு பொழுது சாயத்தான் திரும்புவாள்.

"என்னம்மா அது குழாயி?"

"படம் வரையிற தாளு மாமா, ஸ்கூலுக்கு."

சரி என்று விட்டேன். பள்ளிக்கூட விடுமுறையிலும் குழாய் போனது. விடுமுறையில் எந்தப் பிள்ளைக்குப் படம்?

ஒருநாள் பஸ்ஸில் அந்தக் குழாயின் மூடி கழன்று, உள்ளே இருந்த தாள் என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து விரித்தேன். ஒரு பாலம்! தூண் எத்தனை அடி, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது. விஜயாவின் முகம் வெளுத்துப் போனது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மாமா."

வடக்கே சண்டை உச்சத்தில் இருந்த நேரம். பசறையில் பஸ்ஸை நிறுத்தி, தமிழ் ஆட்களை மட்டும் தனியாக நிற்க வைத்து அடையாள அட்டை பார்ப்பார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை கையில் பாலத்துப் படம் என்றால், கட்டப் போகிறாள் என்றா எவனாவது நினைப்பான்? நானே நினைக்கவில்லையே. அன்றிலிருந்து அவளைக் கண்டால் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் நானும் கூட்டாளி ஆகிவிடுவேனோ என்று பயம்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை, பையில் ஒரு தடித்த உறை வந்தது. மேலே இங்கிலீசில் எம். பெரியாயி, ஏழாம் நம்பர் காம்பரா என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் பேர் இல்லை, ஒரு தபால் பெட்டி நம்பர் மட்டும்.

எந்தப் பெரியாயி? நான் தூக்கிப் புதைத்த பெரியாயிக்குப் பத்தொன்பது வருடம் கழித்து யார் கடிதம் போடுவது? செத்தவர்கள் பேரை செக்ரோல் பதிவில் வைத்துக்கொண்டு சம்பளம் எடுத்த கதை எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஆனால் இந்தப் பிள்ளை, அந்தப் பாலம், இப்போது செத்த தாய் பேரில் கடிதம்! ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். நாளைக்குப் பொலிஸ் வந்தால் முதல் கேள்வி கடிதத்தைக் கொடுத்தவனிடம்தான். வழியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, உறையின் மேல் கொட்டை எழுத்தில் 'இறந்துவிட்டார். திருப்பி அனுப்பவும்' என்று எழுதினேன். மறுநாள் லுணுகலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பெரிய ஆபத்திலிருந்து தோட்டத்தைக் காப்பாற்றிய நினைப்பு எனக்கு.

இரண்டு மாதம் கழித்து விஜயா தோட்டத்துக் கந்தோருக்கு ஓடி வந்தாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே கிளாக்கர் தர்மராசா ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வாய் கடுமை, மனசு தங்கம்.

"நான் செத்துட்டேன்னு யாரோ எழுதி அனுப்பியிருக்காங்க ஐயா!" என்று கத்தினாள். கையில் அந்த உறையின் போட்டோ கொப்பி. "கடைசிப் பரீட்சைக்கு வந்த கார்டு இது. என் பேரையே கெம்பஸ்ல வெட்டிட்டாங்க. ஆறு வருசம் ஐயா! சிவில் எஞ்சினியரிங், ஆறு வருசம்!"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பிள்ளை சொல்லுறாய்? நீ சயன்ஸ் அல்லோ படிச்சனி?"

"ரெண்டும் படிச்சேன். சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல. மண்ணு ஏன் வழுக்குதுன்னு சயன்ஸ் சொல்லும். அதை எப்படி நிறுத்துறதுன்னு எஞ்சினியரிங்தான் சொல்லும். ஒண்ணை மட்டும் படிச்சு நான் என்ன செய்ய?"

பேர் விவகாரமும் அப்போதுதான் வெளியே வந்தது. அவள் பிறந்ததைப் பதியத் தகப்பன் போனபோது அங்கிருந்த ஆள் "பேரு என்ன?" என்று கேட்டிருக்கிறார். பெண்டாட்டி பேரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, பெரியாயி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான் அந்த வெள்ளந்தி மனுசன். பத்திரத்தில் தாயும் பெரியாயி, மகளும் பெரியாயி. பள்ளிக்கூடத்தில் விஜயலெட்சுமி. சயன்ஸைப் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்த பேரிலும், எஞ்சினியரிங்கை அடையாள அட்டையில் இருந்த பேரிலும் பதிந்திருக்கிறாள். அதுவரை அந்தக் கடிதங்கள் பதுளையில் கூடப் படித்த றஷீனா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. றஷீனா கல்யாணமாகிப் போனதும்தான் தோட்டத்து விலாசத்தைக் கொடுத்திருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. லயம் முழுவதும் திறந்தது. "யாழ்ப்பாணத்தாருக்கு நம்ம புள்ள எஞ்சினியரா வர்றது பொறுக்குமா? பை முதல்ல அவரு கந்தோருக்குத்தானே போகுது. கிளாக்கர் வேலைதான்!" என்றார்கள். விஜயாவும் அப்படித்தான் நம்பினாள். தர்மராசா ஐயாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் ஏனப்பா உப்பிடிச் செய்யப் போறன்?" என்று அந்த மனிதர் என்னிடமே வந்து கண் கலங்கினார். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஏழாம் நம்பருக்குப் போய் வாசலில் நின்றேன்.

"எழுதினது நான்தாம்மா."

அவள் நம்பவில்லை. பாலத்தைச் சொன்னேன், தாய் பேரைச் சொன்னேன், பயத்தைச் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சொல்லிப் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இந்தக் கதவு தொறந்துதானே கிடந்துச்சு," என்றாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

எழுதியவனே நேரில் வந்து சொன்னால்தான் பேரைத் திரும்பச் சேர்ப்பார்கள் என்று தெரிந்தது. இரண்டு பேரும் கண்டியில் இருந்த கெம்பஸ் கந்தோருக்குப் போனோம். ஆறு மணி நேர பஸ் பயணம். அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

ஜெனீரா என்று ஒரு மேடம் இருந்தார். விஜயாவின் காகிதங்கள் இருந்த கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருசப் பரீட்சை முடிஞ்சிருச்சு. அடுத்த வருசம் எழுதலாம்," என்றார். விஜயா தலையாட்டினாள். எழுதினாள், பாஸும் பண்ணினாள். இன்றைக்கு மண் சரிகிற இடமெல்லாம் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கந்தோரில் நடந்ததை.

மேடம் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இவங்க உயிரோட இருக்காங்கன்னு உங்க கைப்படவே எழுதிக் கொடுங்க."

'பெரியாயி உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினேன். எழுதும்போது மண்ணிலிருந்து தூக்கிய அந்த முகம் கண்ணில் நின்றது. எழுத்து கோணல்மாணலாகப் போனது.

மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு, "கீழ ஒரு இடம் விட்டுப்போச்சே. இவங்களுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார்.

பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை என்னை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. அதையே எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். விஜயா முந்திக்கொண்டாள்.

"உறவு ஒண்ணும் இல்லைங்க மேடம். எங்க தோட்டத்துத் தப்பால்காரரு."