இரண்டாவது பதில்

எண்பதுகளின் தொடக்கத்தில், பி.ஏ. முடித்துவிட்டு ஆரணியில் வீட்டோடு இருந்தபோது எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. தங்களைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பல நாட்டு மக்கள் எவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்று அளந்து ஒப்பிடுகிற ஆராய்ச்சி. மெட்ராஸிலிருந்து வந்த பேராசிரியர் கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தார். தறிக்காரர் தெருக்களில் பெண்களிடம் கேட்டு வரவேண்டும்.

பழகிக்கொள்வதற்காக முதலில் அக்காவிடம் கேட்டேன். களம்பூரில் வாழ்க்கைப்பட்டவள், ஆடிக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் அதிகம் சிரிப்பவள் அவள்தான். வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்றதற்கு ஆமாம் என்றாள். மற்ற எல்லாவற்றுக்கும் அதே ஆமாம். பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அம்மா குழாயடிக்குப் போனதும் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "இப்போ திரும்பக் கேளுடி."

கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். வருங்காலத்தைப் பற்றிய கடைசிக் கேள்விக்குக் கண்ணை மூடித் திறந்தாள்.

"கண்ண மூடிகினு பாக்கறேன். அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

அவள் அழவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்து, இனி அவள் களம்பூருக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அங்கே என்ன நடந்தது என்று அக்கா இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. பிறகு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தெருக்களிலோ ஒவ்வொரு வீட்டிலும் மாமியாரோ கணவனோ கூடவே நின்றார்கள். எனக்கு இன்னாங்க கொறை என்றார்கள் பெண்கள். தனியாகக் கேட்டால் பதில் மாறும் என்று பேராசிரியரிடம் சொன்னேன். எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஒப்பிட முடியும் என்றார். உங்கள் ஊர்க்காரர்கள் சந்தோஷமானவர்கள் என்றும் மெச்சிக்கொண்டார்.

ஒரு வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண் பட்டு நூல் சுற்றிக்கொண்டே, மாமியார் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். நான் தெருமுனை தாண்டுவதற்குள் குடத்தோடு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"கடைசிக் கேள்விக்கு வேற பதில் சொல்லலாங்களா?"

சொல்லு என்பதற்குள் வீட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

மறுநாள் போனபோது, தேவிகாபுரத்துக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றாள் மாமியார். எனக்கு மனசு ஆறவில்லை. பஸ் பிடித்துத் தேவிகாபுரம் போய் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தேன். அவளுடைய அம்மா களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வரலியேம்மா. எப்போ கெளம்புனா?"

அந்த அம்மாள் அப்படியே என்னோடு ஆரணிக்குப் புறப்பட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க, நான் என்ன கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம், ஏரி கிணறெல்லாம் தேடினார்கள். பெண் கிடைக்கவே இல்லை.